பர்லாங்கு: காளப்பநாயக்கன்பட்டியை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஆங்கிலேயரே கவலைப்படுவதை விட்டுவிட்டதால், அந்தப் பொறுப்பு நாமக்கல் மாவட்டத்தின் தலையில் விழுந்திருக்கிறது. சேந்தமங்கலம் தாண்டிக் கொல்லிமலைக்குப் போகும் வழியில் உள்ள காளப்பநாயக்கன்பட்டியே இவ்வாய்வின் களம். ஏன் இந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு: பஸ் அங்கே நின்றது.

எடுத்துக்கொண்ட சொற்கள் நான்கு. ‘லாந்தர்’: எண்ணெய் தீர்ந்துவிட்டதால் விலக்கப்பட்டது. ‘ஃபோர்ட்நைட்’: பதினான்கு இரவுகள், பகலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. ‘விட்னெசெத்’: ஆங்கிலப் பத்திரங்களுக்குள் மட்டும் உயிர் வாழ்வது, கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியக் கூடாது என்ற ஒரே வேலையைச் செவ்வனே செய்து வருகிறது. எஞ்சுவது பர்லாங்கு.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘நீண்ட உழவுச்சால்’ என்று பொருள். பூட்டிய மாடுகள் மூச்சு வாங்க நிற்காமல் ஒரே இழுப்பில் உழும் நீளம். பிற்பாடு அதை 220 கஜம், அதாவது 660 அடி என்று நிலைப்படுத்தினார்கள். எட்டு பர்லாங்கு ஒரு மைல். 660 அடி நீளம், 66 அடி அகலம் கொண்ட துண்டுக்குப் பெயர் ஏக்கர். அதை நூறாக வகுத்தால் சென்ட். ஆகவே, ஐந்து சென்ட் மனை வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் எவரும், ஏதோ ஓர் ஆங்கில மாட்டின் மூச்சிரைப்புக்குத்தான் தவணை கட்டுகிறார்.

இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டால் அது ஆய்வாகாது. எனவே மறுதரப்பு. பர்லாங்கு தூய தமிழே என்போர் அதைப் பரல் + ஆங்கு எனப் பிரிப்பர். பரல் என்றால் கல்; ஆங்கு என்றால் அங்கே. அங்கே கல் நட்டிருப்பதால் பரலாங்கு. ஒரு மைல்கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்நாளில் சிறு கற்கள் நட்டிருந்தது உண்மையாதலால், இதை மறுத்துப் பேசிய என்னைச் சபையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இப்பள்ளியினருக்கு உலகில் எந்தச் சொல்லும் அந்நியமில்லை. விமானத்தை விட்டு இறங்கும்போதே அதற்குத் தமிழ்ப் பெற்றோரைக் கண்டுபிடித்துப் பெயர் சூட்டிவிடுவார்கள். முத்துப் பரலா, மாணிக்கப் பரலா என்ற வழக்கைக் கண்ணகி ஒரு சிலம்பை உடைத்து அவையிலேயே தீர்த்தாள். இவர்கள் கையில் கொடுத்திருந்தால் மூன்று நாள் கருத்தரங்கு, தோள்பை, சான்றிதழ், மதியம் சாம்பார் சாதம். மதுரை எரிந்தே இருக்காது.

இனிக் களப்பணி. பர்லாங்கு 660 அடி என்பது நூல் வழக்கு. ஊர் வழக்கில் அது ஒரு கணக்கே அல்ல. “இன்னும் எவ்வளவு தூரமுங்க?” என்று கேட்டேன். “ஒரு பர்லாங்குதானுங்க” (டீக்கடை, பெஞ்சு). கால் மணி நேரம் நடந்தபின் இன்னொருவர்: “இந்தா, ஒரு பர்லாங்குதான் கண்ணு” (வேப்பமரத்தடி, கயிற்றுக் கட்டில், கால்மாட்டுப் பகுதி). வழி தவறித் திரும்பி வந்து முதலாமவரையே கேட்டபோதும் ஒன்றுதான் (மேற்படி பெஞ்சு, திருத்திய பதிப்பு, இரண்டாம் டீக்குப் பின், மறுப்புக்குக் காண்க: எதிர்ப்பெஞ்சு, வெற்றிலைக் கறை படிந்த ஓரம், ஒரு கனைப்பு, பொருள் விளங்கவில்லை).

இதிலிருந்து பெறப்படும் விதி: கேட்பவர் தலையில் சுமை கூடக் கூட, பதிலில் பர்லாங்கு குறையும். விறகுக் கட்டோடு போன அம்மாளுக்கு “அரை பர்லாங்கு கூட இருக்காதாத்தா” என்றார்கள். வெறுங்கையோடு நின்ற எனக்கு ஒன்று. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தும் இவ்வலகு சாகாததற்குக் காரணம் இதுவே. இருநூறு மீட்டர் என்றால் அது இருநூறு மீட்டர்தான். களைத்தவனுக்காகக் குறைந்து கொடுக்காது.

மலைமேல் இது செல்லாது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே தூரத்துக்கும் வாந்திக்கும் வளைவுதான் அலகு. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் பாடிய வன்பரணர், அம்பு எத்தனை பர்லாங்கு போயிற்று என்பதை விட்டுவிட்டார். புறநானூறு 152-இன் இக்குறையை அடுத்த கட்டுரையில் கண்டிக்க இருக்கிறேன்.

அந்தப் பக்கம் போகும் வாசகர் யாரேனும் பழைய பர்லாங்குக் கல்லைக் கண்டால் எனக்கு ஒரு தபால் போடவும். கல்மேல் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்ப வேண்டாம். அவரையே தூரம் கேளுங்கள்.