ஹால் மாஸ்டர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். சோபா சுவரோடு சுவராக ஒட்டிக்கிடக்கிறது. காப்பி மேசையைக் காணோம். அது போர்ச்சில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வெயில் காய்கிறது. பூஜை அறைக் கதவு பட்டப்பகலில் சாத்தியிருக்கிறது. கல்யாணப் படம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. டெலிவிஷனுக்கு எதிரே நாலடிக்கு நாலடி தரை மட்டும் மெழுகிவிட்டாற்போலப் பளபளக்கிறது. உட்காருவதற்கு முன் யோசியுங்கள். இது ஹால் மாஸ்டரின் வீடு. இன்னும் கால் மணி நேரத்தில் உங்கள் கையிலும் ஒரு கண்ட்ரோலரைத் திணித்துவிடுவார்.

ஹால் மாஸ்டருக்கு ஐம்பதுக்கு மேல் அறுபத்தைந்துக்குள் வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காக வேலை பார்த்து, புக்கிட் திங்கி பக்கம் இரட்டை மாடி லிங்க் வீடு வாங்கியவராக இருக்கலாம். கோலாலம்பூர் அடுக்குமாடியிலும் இந்த இனம் உண்டு. ஆனால் கீழ் வீட்டுக்காரர் மேனேஜ்மென்ட் ஆபீஸுக்கு மனுப் போட்டுவிடுவதால், இரவு ஒன்பதுக்கு மேல் அங்கே கண்ணில் படுவது அரிது.

உடற்பயிற்சி அவருக்குப் புதிதல்ல. பத்துமலையின் 272 படிகளை வாரம் ஒருமுறை ஏறி இறங்குவதாக ஒரு தைப்பூசத்தன்று சபதம் எடுத்தார். அடுத்த முறை ஏறியது அதற்கடுத்த தைப்பூசத்தில். தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடந்தார். நடை முடிந்ததும் கால் தானாகவே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் திரும்பி வாழை இலை முன் உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தமான் திடலில் நடக்கும் செனாம்ரோபிக்கிலும் சேர்ந்தார். மேடையில் ஒரு காக்காக் 'சாத்து, டுவா, தீகா' என்று எண்ண, கீழே நூறு பேர் கையை வீச, கடைசி வரிசையில் இவர். விடாமுயற்சியோடு செய்தது என்று பார்த்தால், எல்லாம் முடிந்தபின் மைலோ வண்டி முன்னால் வரிசை பிடித்ததுதான்.

அவர் குறைபட்டுக்கொண்டது ஒன்றைத்தான். "இவ்வளவு ஆடியும் யாரும் எத்தனை மார்க்குன்னு சொல்லலையே லா!"

இந்த ஒரு வாக்கியத்தில் முழு மனிதரும் இருக்கிறார். ஹால் மாஸ்டர் அடிப்படையில் ஒரு மார்க் பிரியர். பையன் தமிழ்ப்பள்ளியில் படித்து 2010-ல் யு.பி.எஸ்.ஆர். எழுதியபோது ஏழு பாடத்திலும் ஏ. பையனின் படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது; அந்தப் பக்கம் லேமினேட் செய்யப்பட்டு இன்னமும் ஹாலில் தொங்குகிறது. அதற்குப் பரிசாகத்தான் லோயாட் பிளாசாவுக்குப் போய் ஒரு வீ இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். நிண்டெண்டோ அதை 2006-ல் விட்டபோது, ஆட்ட வேகத்தில் ரிமோட் கையை விட்டுப் பறந்து டெலிவிஷன்களைப் பதம் பார்த்ததால், சுமார் 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது பழைய கதை, இப்போது வார் தடிமன் என்று கடைக்காரன் சமாதானம் சொல்லித்தான் விற்றான். பையன் ஒரு வருடம் ஆடினான். பிறகு இயந்திரம் பெட்டிக்குள், பெட்டி மாடிப்படிக்கு அடியில்.

பொற்காலம் 2020 மார்ச் 18-ல் பிறந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை! பூங்கா மூடல், திடல் மூடல், மைலோ வண்டிக்கும் மூடல். சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் குடும்பத் தலைவர். மல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேரங்காடியில் திகைத்து நின்ற ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவர்களில் நம்மவரும் ஒருவர். கிளினிக்கில் இனிப்பு நீர் என்று வேறு சொல்லியிருந்தார்கள். மலேசியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு எடை அளவுக்கு மேல் என்று 2019-ஆம் ஆண்டு சுகாதார ஆய்வு சொன்னதை அவர் படித்திருந்தார். மற்றப் பாதி யார் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. ரிமோட்டுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஆன்லைனில் ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்தான். உள்ளே ஜஸ்ட் டான்ஸ்.

திரையில் கலர் கலராக ஒரு உருவம் ஆடும். அதைப் பார்த்து நாமும் ஆட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் 'ஓகே', 'குட்', 'சூப்பர்', 'பெர்பெக்ட்' என்று பட்டம் விழும். முதல் நாள் முதல் பாட்டில் அவருக்கு ஒரே ஒரு 'பெர்பெக்ட்' விழுந்தது. முப்பது வருட இல்லறத்தில் அந்த வீட்டுக்குள் அவர் காதால் கேட்டிராத சொல். மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார்.

அதன் பிறகு வேட்டி போய் டிராக் பாட்டம் வந்தது. சப்பாத்து மட்டும் கிடையாது, ஹாலுக்குள் சப்பாத்தா? பக்கத்திலேயே சாமி அறை. வெறுங்காலோடு தரைக்கல்லில் குதிக்கிறார். முட்டி வலிக்கு மூலகாரணம் இதுதான் என்று பையன் சொல்கிறான்; முட்டி வலி என்றாலும் அது பக்தியினால் வந்தது என்று அவருக்கு ஒரு பெருமை.

"ஏங்க, முருகன் படம் ஆடுது!" அடுக்களையிலிருந்து மனைவி.

"அமெரிக்காவுல இத பள்ளிக்கூடத்துலயே வச்சிருக்கான், தெரியுமா?"

அவர் சொல்வது முழுப் பொய்யல்ல. 1998-ல் ஜப்பானின் கொனாமி கம்பெனி, அம்புக்குறி பார்த்துக் காலால் மிதித்து ஆடும் ஓர் இயந்திரத்தை விளையாட்டுக் கூடங்களில் இறக்கியது. பிள்ளைகள் குண்டாகிறார்களே என்று கவலைப்பட்ட மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006-ல் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் அதை வைக்கத் திட்டம் போட்டது. ஆனால் அந்த இயந்திரம் காலைக் கவனித்தது. நம்மவர் வாங்கியிருப்பது கையைக் கவனிப்பது. அதுவும் வலது கையை மட்டும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் பையன். கண்ட்ரோலருக்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சிறு கருவி. அதைப் பிடித்திருக்கும் கை எப்படிப் போகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். இடுப்பு வளைந்ததா, கால் எழும்பியதா, வயிறு உள்ளே போனதா, ஒன்றும் தெரியாது. 2010-ல் மைக்ரோசாப்ட் விட்ட கினெக்ட் அப்படியில்லை. கேமரா வைத்து ஆளையே முழுசாகப் பார்த்தது. ஆனால் அதற்கு ஆறடி, எட்டடி தள்ளி நிற்க வேண்டும். லிங்க் வீட்டு ஹாலில் அவ்வளவு தள்ளி நின்றால் அடுக்களைக்குள் நின்று ஆட வேண்டியிருக்கும். மைக்ரோசாப்ட்டே அதைத் தயாரிப்பதை 2017-ல் நிறுத்திவிட்டது.

பையன் சோபாவில் சாய்ந்தான். இடது கையில் முறுக்கு. வலது கையை மட்டும் அலட்சியமாக வீசினான். பாட்டு முடிந்தது. ஐந்து நட்சத்திரம். அதே பாட்டுக்குத் தரை அதிரக் குதித்து வியர்வையில் நனைந்த அப்பாவுக்கு மூன்று.

வேறு யாராயிருந்தாலும் அன்றே இயந்திரத்தை மூடி வைத்திருப்பார். ஹால் மாஸ்டர் வேறு ரகம். "நீ காப்பி அடிச்சு பாஸ் பண்ற" என்றார் மகனைப் பார்த்து. மறுநாளிலிருந்து வலது கைக்குத் தனி டியூஷன். கண்ணாடி முன் நின்று, குளியலறையில், சிக்னலில் காடி நிற்கும்போது, கை மட்டும் பழகிக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்தில் அவருடைய வலது கை ஒரு தேர்ந்த ஆட்டக்காரரின் கையாகிவிட்டது. உடம்பின் மற்ற பாகங்கள் பார்வையாளர்களாக இருந்தன.

யூடியூபில் தமிழ்க் குத்துப் பாட்டுக்கு ஆடச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதில் ஆடலாமே என்று ஒருமுறை கேட்டேன். கை, கால், இடுப்பு எல்லாமே அசையும், காசும் மிச்சம். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுல மார்க் வராது" என்றார்.

அரசாங்கம் 2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், நானும் வரவேற்றேன். ஆனால் தாத்தாமார்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பேத்தி பள்ளிக்குப் போகிறாள். "நல்லா படிக்கிறா" என்கிறார் டீச்சர். நல்லா என்றால் எத்தனை? கல்யாண வீட்டில் நாலு பேர் மத்தியில் எதைச் சொல்வது? அந்த வெற்றிடத்தில்தான் 13,333 வந்து உட்கார்ந்தது. ஒரு பாட்டுக்கு இந்த விளையாட்டில் எடுக்கக்கூடிய உச்ச மதிப்பெண் அது. பத்தாயிரத்துக்கு ஐந்து நட்சத்திரம். 11,000-க்கு 'சூப்பர்ஸ்டார்'.

அவர் சூப்பர்ஸ்டார் ஆன இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பதினொரு மணிக்கு என் கைப்பேசி அலறியது. டெலிவிஷனைப் படம் பிடித்துக் குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் திருப்பணிக் குழு மூன்றுக்கும் அனுப்பியிருந்தார். 'கபாலி' படப்பிடிப்புக்கு ரஜினி மலேசியா வந்திருந்தபோது வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வெயிலில் நின்றவர் அவர். திரையில் அந்தப் பட்டம் தன் பெயருக்குக் கீழே மின்னியதும் கண் கலங்கிவிட்டதாக மனைவி சொன்னார்.

வினை அடுத்த வாரம் வந்தது. 12,000-ஐத் தொட்டார். திரையில் புதிதாக ஒன்று பளிச்சிட்டது: 'மெகாஸ்டார்.'

"சூப்பர்ஸ்டாருக்கு மேல ஒருத்தரா?" என்று அதிர்ந்து நின்றவருக்கு, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரின் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்டது. தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து வந்தவர், சிரஞ்சீவி பக்தர். வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "பாத்தீங்களா அண்ணே, இந்த கேம் செஞ்சது பிரான்ஸ்காரன். அவனுக்கே தெரிஞ்சிருக்கு, யாருக்கு மேல யாருன்னு!"

அன்று முதல் நம்மவர் 12,000-ஐத் தொடுவதில்லை. 11,900 நெருங்கும்போது, பாட்டு இன்னும் பத்து விநாடி இருந்தாலும், கண்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டுக் கை கட்டி நின்றுவிடுவார். வாழ்நாளில் அவர் மார்க்கை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு மனிதருக்காகத்தான்.

இனி கலோரிக் கணக்கு. வியர்வைப் பயிற்சி முறையில் ஆடினால், எரித்த கலோரி திரையின் மூலையில் ஓடும். ஷிப்பிங் கிளார்க் புத்தி. வரவுக்கு உடனே செலவு எழுதியாக வேண்டும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி என்று எங்கோ படித்து வைத்திருக்கிறார். முந்நூறு எரிந்தால் ஒரு ரொட்டிக்கு உரிமை. ரொட்டி மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும்? ஒரு தே தாரிக். அதற்கான கலோரியை நாளை ஆடிக் கழித்துக்கொள்ளலாம். இப்படி முன்கடன் வாங்கி வாங்கி, 2023 தேதிக்கு அவர் அநேகமாக 2031 வரைக்குமான ஆட்டத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அந்த வருடம் அரசாங்க கிளினிக்கில் பச்சைப் புத்தகத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார், துணைக்கு நானும். மூன்று மாதச் சீனி அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. மிஸ்ஸி புத்தகத்தில் எழுதினார்: 7.4. போன தடவை 7.9.

"குறைஞ்சு போச்சே!" என்றார் ஹால் மாஸ்டர், முகம் வாடி.

"குறையணும் அங்கிள். ரொம்ப நல்லது. என்னா பண்ணீங்க?"

"டான்ஸ்" என்று சொல்ல வாயெடுத்தவர், மார்க் குறைந்த வருத்தத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார். மனைவி மூன்று மாதமாகச் சோற்றைப் பாதியாக்கி, காப்பிச் சீனியை ஒளித்து வைத்த கதை எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மாமாக் கடை. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், இவர் கையில் பச்சைப் புத்தகத்தைப் பார்த்ததும் தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மேசையில் போட்டார். இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை மாற்றிப் பார்த்தார்கள். தெலுங்குக்காரருக்கு 6.8.

ஹால் மாஸ்டரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "ஆறு புள்ளி எட்டுதானா? நான் ஏழு புள்ளி நாலு!"

"அண்ணே, அது அப்படி இல்ல..."

"சும்மா இருங்க லா. நம்பர் நம்பர்தான்" என்றவர், வலது கையை அழகாக, தாளம் பிசகாமல் உயர்த்திக் கடைப் பையனைக் கூப்பிட்டார். "ஆனே! ரொட்டி ரெண்டு, குழம்பு பஞ்சிர்!"