கட்டக்காரர்

சிங்கப்பூரில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், அதில் ஒருவர் சாப்பிட வந்தவராக இருக்கமாட்டார். கணக்கு முடிக்க வந்தவராக இருப்பார். பஃபேயில் கட்டிய காசுக்கு இறால் ஈடாகிவிட்டதா என்று விரல்விட்டு எண்ணுகிறவர் இவர். உணவங்காடியில் வரிசை நீளமாக இருந்தால், என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே கடைசியில் போய் நிற்கிறவரும் இவர்தான். எதையும் தவறவிடப் பயப்படும் இப்படிப்பட்டவரை ஊர்க்காரர்கள் 'கியாசு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் வைத்திருக்கும் பெயர் கட்டக்காரர். அவருடைய விஸ்வரூபத்தைப் பார்க்க வேண்டுமானால் ரொட்டி பிங்கோ விளையாட வேண்டும்.

விளையாட்டு எளிது. தேக்கா பக்கத்துப் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, அண்டைவீட்டார் ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவந்து வைக்கிறோம். அட்டையில் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். எண் இருக்க வேண்டிய இடத்தில் ரொட்டியின் பெயர் இருக்கும். பராட்டா கோசோங், முர்தபாக், ரொட்டி ஜாலா, காயா டோஸ்ட், மந்தோ, யூ தியாவ், நான் என்று இந்தத் தீவில் மாவு எடுத்த அவதாரமெல்லாம் அதில் உண்டு. ஒரு வாய் கடித்து, ருசி எப்படி என்று பக்கத்திலிருப்பவரிடம் ஒரே சொல்லில் சொன்னால் அவர் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு வரிசை நிறைந்தால் பிங்கோ. பரிசு பெரும்பாலும் இன்னொரு ரொட்டிதான்.

கட்டக்காரர் கையில் கத்தரிக்கோலோடு வருவார். கடித்து மெல்லுவது நேர விரயம் என்பது அவர் கட்சி. முர்தபாக்கின் மூலையில் கட்டைவிரல் நகமளவு நறுக்குவார். அந்த மூலையில் கறியும் இராது, வெங்காயமும் இராது; வெறும் மாவு மடிப்பு. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908 முதல் இருக்கும் ஸம் ஸம் கடையிலிருந்து வாங்கி வந்ததாகக் கொண்டுவந்த அக்கா சொல்லி முடிப்பதற்குள் விழுங்கிவிட்டு, "ஷியோக்!", அதாவது அபாரம், என்பார். காயா டோஸ்ட்டா? ஷியோக். யூ தியாவா? ஷியோக். "அண்ணே, காயாவுல பாண்டான் வாசம் வருதா?" என்று கேட்டால், "மொதல்ல கையெழுத்தப் போடுங்கக்கா, அந்த சீன ஆன்ட்டி மந்தோவ மூடி வைக்கிறாங்க" என்று ஓடுவார்.

இவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. "சாப்பிட வேணாம்னுதான் டாக்டர் சொன்னாரு, ருசி பாக்க வேணாம்னு சொல்லலயே" என்பார். அந்த ஒன்றைத்தான் அவர் செய்வதே இல்லை.

சட்ட ஞானமும் அபாரம். முட்டை பராட்டா தனிக் கட்டம், காயின் பராட்டா தனிக் கட்டம், கூம்பாக நிமிர்ந்து நிற்கும் டிஷ்யூ பராட்டா தனிக் கட்டம். இதுவரை நியாயம்தான். ஆனால் கோசோங்கைச் சீனியில் தொட்டு ஒரு தடவை, மீன் கறியில் தொட்டு ஒரு தடவை என்று இரண்டு கையெழுத்து கேட்பார். ஒருநாள், சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் உணவகத்தைச் சாட்சிக்கு இழுத்து, தோசையும் ரொட்டிதான் என்று வாதாடினார். "மாவு இருக்கு, கல்லு இருக்கு, வட்டமா இருக்கு. வேற என்ன வேணும்?" ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "அப்ப அப்பளமும் ரொட்டிதான்" என்றார் கிண்டலாக. மனிதர் அட்டையில் அப்பளத்துக்குக் கட்டம் தேட ஆரம்பித்துவிட்டார்.

இவ்வூர் உணவங்காடிக் கலாசாரத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததில் அவருக்கு அளவில்லாத பெருமை. பட்டியல் என்றாலே அவருக்குப் பிடிக்கும்.

ரொட்டி ஜான் கட்டத்தில்தான் எனக்குக் கோபம் வரும். நீள ரொட்டியைப் பிளந்து, கொத்துக்கறியும் வெங்காயமும் சேர்த்து அடித்த முட்டையோடு கல்லில் குப்புறப் போட்டு வாட்டி எடுப்பது அது. வெள்ளைக்காரர் ஒருவர் ஹாம்பர்கர் கேட்டாராம். கடைக்காரர் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தாராம். வெள்ளைக்காரரெல்லாம் அப்போது 'ஜான்'தானே, பெயரும் நிலைத்துவிட்டதாம். தாவரவியல் பூங்காவுக்கு எதிரே தாமான் செராசி என்றொரு உணவங்காடி இருந்தது. ரொட்டி ஜானுக்கு அங்கே கூட்டம் அலைமோதும். இப்போது அந்த இடமே இல்லை. அங்கே சாப்பிட்ட பெரியவர்கள் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. கல்லில் முட்டை பொரியும் சத்தம்கூடக் கேட்கும். நம்மவர் நடுவில் புகுந்து, "அங்கிள், கதை அப்புறம். பேனா இருக்கா?" என்பார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்ச்சர்ட் ரோட்டில் தள்ளுவண்டிக்காரர்கள் வண்ண ரொட்டியில் ஐஸ்கிரீம் துண்டைச் சுற்றித் தருவார்களே, அந்தக் கட்டம் எல்லார் அட்டையிலும் காலியாகவே கிடந்தது. எம்ஆர்டியில் தின்றால் 500 வெள்ளி வரை அபராதம். தின்னாமல் கொண்டுவந்தால் உருகிவிடும். ஐஸ் பெட்டியும் கையுமாகப் போய், ரொட்டி தனியாக, ஐஸ்கிரீம் தனியாக வாங்கிவந்து மேசையில் சுற்றிக் கொடுத்தவர் கட்டக்காரர். பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கி, ஒழுக ஒழுகத் தின்றார்கள். அவர் ஓர் ஓரத்தை நறுக்கி வாயில் போட்டுக்கொண்டு பேனாவை நீட்டினார்.

உங்கள் புளோக்கில் ரொட்டி பிங்கோ நடத்துவதாக இருந்தால் கட்டக்காரரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அட்டையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ரொட்டி வாங்கிவரும் பொறுப்பைக் கொடுங்கள். 25 வகையும் நேரத்துக்கு வந்து சேரும்.