அட்மின் சார்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சந்தன மாலையும் சுவர்க்கடிகாரமுமாக வீடு வந்து சேர்ந்த மனிதருக்கு மறுநாள் காலையில் கையெழுத்திட ஒரு கோப்புகூட இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை மனோதத்துவ சாஸ்திரிகள் பலவாறு வியாக்கியானம் செய்யக்கூடும்; எங்கள் அட்மின் சார் விஷயத்தில் நேர்ந்தது, பழைய பள்ளித் தோழர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு உதயமானதுதான். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாமென்று 2022-இல் கம்பெனியார் தாராளமாக அனுமதித்தபோது, அறுபது பேரைக் கட்டி மேய்ப்பதற்கே பிராணன் போய்க்கொண்டிருந்த அவர், “நல்லவேளை, நம்ம கிளாஸிலே அவ்வளவு பேர் படிக்கலை” என்று பெருமூச்சு விட்டாராம்.

குழுவில் அரசியல் பேசக்கூடாது என்பது அவருடைய முதல் ஆக்ஞை. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து காலை வணக்கப் படம் அனுப்பும் நியமமுள்ள அவர், ஆதியில் உதயசூரியனைத்தான் அனுப்பி வந்தார். அது கட்சிப் பிரசாரமென்று ஒரு சாரார் ஆட்சேபிக்கவே தாமரைக்கு மாறினார். தாமரைக்கு மறு சாரார் வெகுண்டெழுந்தபடியால், எந்தக் கட்சியும் இதுகாறும் நம் பக்கத்தில் உரிமை கொண்டாடாத ரோஜாப்பூவில் வந்து நிலைபெற்றார்.

வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்யலாகாது என்பது இரண்டாவது ஆக்ஞை. இதை மீறுகிறவர் பெரும்பாலும் அவரேதான். இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதென்று 2018-இல் விதி வந்தபோதும், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கே அனுப்பலாமென்று 2020-இல் அதை இன்னும் இறுக்கியபோதும் அவர் மனம் தளரவில்லை. சர்க்கரை வியாதியை வேரோடு நிவர்த்திக்கும் வேப்பிலைக் கஷாயத்தின் மகிமையைச் சகோதரர், சம்பந்தி, முன்னாள் மேலதிகாரி என்று தனித்தனியே, அர்ச்சனை செய்யும் பக்தி சிரத்தையோடு அனுப்பித் தீர்த்தார்.

ஒரு நாள் காலை, வகுப்புத் தோழர் ஒருவரின் மாமனார் காலமான செய்தியும் மற்றொருவருடைய பிறந்தநாள் வாழ்த்தும் அடுத்தடுத்து வந்துவிட்டன. கண்ணாடியைத் தேடாமல் கைபேசியைத் தேடும் நண்பர் ஒருவர் வாழ்த்துக்குக் கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட, அவருக்குப் பின்னால் வந்த நால்வர், முன்னவர் தப்பாகவா போடுவார் என்ற நம்பிக்கையில் ‘ஓம் சாந்தி’ சொல்லி வரிசையில் நின்றுவிட்டார்கள். மற்றவர் செய்தியை அழிக்கும் அதிகாரம் அட்மினுக்குக் கிடைத்திருந்தபடியால் அவர் ஐந்தையும் அழித்தார். அழித்த இடங்களிலெல்லாம் ‘அட்மின் நீக்கினார்’ என்ற வரி நின்றதைக் கண்டு, அப்படி என்ன விபரீதத்தை எழுதிவிட்டார்கள் என்று மற்ற அனைவரும் விசாரிக்கத் தொடங்கியதால், பிறந்தநாள்காரர் சாயங்காலம் வரை தாம் உயிரோடிருப்பதை ருசுப்பித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இத்தனை உபத்திரவத்தையும் நாங்கள் சகித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. செய்தியைப் படித்ததற்கு அடையாளமான நீலக் குறியைத் தனி உரையாடலில் மறைத்துக்கொள்ளலாம். குழுவில் மறைக்க முடியாது. காலை வணக்கத்தை யார் படித்தார், யாருக்கு அது போய்ச் சேரவேயில்லை என்ற ஜாபிதாவை, காப்பி ஆறுவதையும் பொருட்படுத்தாமல் அட்மின் சார் தினந்தோறும் பரிசீலிக்கிறார். தாம்பரத்தில் தனியாக வசிக்கும் தோழர் ஒருவர், பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில், இரண்டு நாளாக எந்தப் பட்டியலிலும் தென்படாமற்போகவே, இவர் போன் செய்து பார்த்து, பதில் இல்லையென்றதும் பக்கத்துத் தெருவிலிருந்த இன்னொரு தோழரை விரட்டினார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, சிகிச்சைக்கு ரத்தம் வேண்டுமென்றார்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ரத்ததானம் செய்ய இயலாதென்பதால் குழு முழுவதும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அட்மின் சாரோ ஒரு நாற்பது பக்க நோட்டைப் புரட்டினார். அங்கத்தினர்களுடைய பிள்ளைகள், மாப்பிள்ளைகள் எல்லோருடைய ரத்த வகையும், கடைசியாக ரத்தம் கொடுத்துத் தொண்ணூறு நாள் கடந்ததா என்ற குறிப்பும் அதில் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு இரண்டு மாப்பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

கண் விழித்த நோயாளியிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, “ஏண்டா, நான் போட்ட கஷாயத்தைப் படிச்சியா?” என்பதே.

கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறுகிறவரைப் பற்றி அட்மினுக்கு மட்டுமே தகவல் வரும்படி இப்போது ஏற்பாடாகியிருக்கிறது. அதை அவர் யாரிடமும் பிரஸ்தாபிப்பதில்லை. வெளியேறியவர் வீட்டுக்கே நேரில் போய், பழைய கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசி, ஒரு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டு, ஆளை மறுபடி சேர்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

சமீப காலமாக அவருக்குக் கண்ணில் புரை வளர்ந்து வருவதால், இணை அட்மின் ஒருவர் தேவையென்று குழுவில் அறிவித்திருக்கிறார். அறுபது பேரும் படித்துவிட்டோம். நீலக் குறியே அதற்குச் சாட்சி. கை கூப்பிய படம் பதினேழு வந்திருக்கிறது. சம்மதம் ஒன்றும் வரவில்லை. வாசகர்களில் யாருக்கேனும் விருப்பமிருந்தால் விண்ணப்பிக்கலாம்: சம்பளம் கிடையாது, விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், நோட்டை அவரே கொடுத்துவிடுவார்.