அவசரப்படாத அரண்மனை

கேள்வி: ராபின் ஹாபின் ‘அசாசின்ஸ் அப்ரென்டிஸ்’ நாவல் ஆமை வேகத்தில் நகர்கிறதே, தொடரலாமா?

பதில்: தாராளமாக! கொலைத்தொழில் பழகும் பையனின் கதை. விஷம் மெல்லத்தானே ஏறும்? 1995-இல் வந்த நாவல் இது. பட்டத்து இளவரசருக்கு முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பிள்ளை, குதிரை லாயத்தில் வளர்கிறான். ஒருநாள் ராஜா ஷ்ரூட் தன் வெள்ளி ஊசியை அவன் சட்டையில் குத்திவிடுகிறார். அவ்வளவுதான், ஆயுசுக்கும் அவன் ராஜாவின் ஆள். வாள் வீச்சைவிட அந்த ஊசிக்குத்துதான் எனக்குப் பெரிய காட்சி. மந்திரமும் அங்கே இனாம் இல்லை: மனசாலேயே கடற்கொள்ளையரைத் திசைதிருப்பும் இளவரசர் வெரிட்டி, எலும்பும் தோலுமாகிறார். மொத்தம் 3 பாகங்கள். கடைக்குட்டி இளவரசர் ரீகல்மேல் மட்டும் ஒரு கண் வையுங்கள்!