நான்கு விரல் மடிப்பு: குவார்ட்டர்ஸ் மாற்றத்தில் வீட்டுத் தையலின் ஸ்தானம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

எந்த விஷயத்தைப் பற்றியும் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றுவிடலாம் என்று ஏற்பட்டுவிட்ட இக்காலத்தில், ஒரு குடும்பம் வீடு மாறும்போது அவ்வீட்டுத் தையல் மெஷின் வண்டியில் கடைசியாக ஏறுவதும் புது வீட்டில் முதலாவதாக இறங்குவதும் ஏன் என்னும் வினாவை எந்தச் சர்வகலாசாலையும் இதுகாறும் தீண்டாமல் விட்டிருப்பதாகத் தோன்றுவது, அடியேனுக்கு வருத்தத்தையும் அதைவிடச் சற்று அதிகமான சந்தோஷத்தையும் அளிக்கிறது. யாராவது தீண்டியிருந்தால் எனக்கு எழுத விஷயம் இருந்திராது.

தையல் என்னும் சொல்லுக்குத் தைத்தல் தொழில் என்றும், அழகு என்றும், பெண் என்றும் அகராதி பொருள் கூறும். இவ்வாராய்ச்சியைப் பொறுத்தவரை மூன்று பொருளும் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோரத்தில் ஒரே முக்காலியில் உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருப்பதால், சொல்லாராய்ச்சியை நீட்டுவது குடும்ப க்ஷேமத்துக்கு உகந்ததன்று. தொன்மைக்கு ஒரு சான்று வேண்டுவோர், புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் தையற்காரர் 'துன்னகாரர்' என்ற பெயரோடு நிற்பதைக் காணலாம். அவர்களுடைய மனைவியர் வீடு மாறும்போது என்ன செய்தார்கள் என்பதை இளங்கோவடிகள் சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்புவதே இந்நூலின் பயன்.

இடம்

எங்கள் ஊராகிய நெய்வேலி என்னும் பெயரின் முற்பாதி பசுவின் நெய்யா, நெசவின் நெய்யா என்ற வழக்கில் நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். என் மனைவி தைக்கிறாள் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. சரித்திரமோ ஐயத்துக்கு இடமில்லாதது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வந்த கரும்பொருள், பின்னர் பழுப்பு நிலக்கரி என்று அறியப்பட்டது. 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அதை வெட்டியெடுப்பதற்கான நிறுவனம் பதிவாயிற்று. 1957-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை வெயிலைக் கண்டது. சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நம்பி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்காக வட்டம் வட்டமாக ஒரு நகரியம் எழுந்தது. அந்த வட்டங்களுக்குள், ஒரே அச்சில் வார்த்த இட்டிலிகளைப் போல, ஒரே வகையைச் சேர்ந்த வீடுகள் வரிசையாக நின்றன.

ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடப் பாக்கியம் வேறென்ன வேண்டும்? சென்னையிலோ மதுரையிலோ வீடு மாறுகிறவர்களை ஆராய்ந்தால், வீடும் வேறு, வீட்டுக்காரரும் வேறு, வாடகையும் வேறு என்று எதுவுமே நிலைநில்லாமல் முடிவு குழம்பிப்போகும். நெய்வேலியிலோ வீட்டுக்காரர் என்றென்றும் ஒரே நிறுவனம். டைப்-1 வீட்டில் இருக்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொரு வட்டத்து டைப்-1 வீட்டுக்குள் நடந்தாலும் சமையலறையைத் தவறவிட மாட்டான். சுவரையும் கதவையும் ஜன்னலையும் மாறாப் பொருள்களாக வைத்துக் குடும்பத்தை மட்டும் மாறும் பொருளாக வைத்த இந்த மகத்தான சோதனைச்சாலையை, நிறுவனம் தன்னையறியாமலே எனக்காகக் கட்டிக் கொடுத்தது.

கருவி

வீடு மாற்றும் தையற்கலையில் கருவிகள் இரண்டு: கோணி ஊசியும் மெஷினும். கோணி ஊசி ஆணின் ஆயுதம். பாத்திரம் அடைத்த சாக்கின் வாயைச் சணலால் மூடுவதற்கு, பனியனும் லுங்கியுமாக முற்றத்தில் குந்தியிருக்கும் குடும்பத் தலைவன் அதைப் பிரயோகிக்கிறான். அவன் மூடிய சாக்குக்குள்ளேதான் அன்று மாலைக் காப்பிக்கு வேண்டிய வடிகட்டி அகப்பட்டிருக்கும் என்பது கண்கூடு.

மெஷினின் விஷயம் வேறு. முதலில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பின்பு திருகுகளைத் தளர்த்தித் தலைப்பாகத்தை இரும்புக் காலிலிருந்து பிரித்து, பழைய மெத்தை உறையில் குழந்தையைப்போல் சுற்ற வேண்டும். பாபின் கேஸ் என்னும் உள்ளங்கையளவும் இல்லாத உலோகக் கிண்ணத்தை எந்தப் பெட்டியிலும் வைக்கலாகாது. என் தாயார் அதை இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு முடிந்துகொண்டுதான் வண்டி ஏறுவாள். ஆகையால் புது வீட்டில் தைக்கப்படும் முதல் துணிக்கு ஒரு மாத காலம் பன்னீர்ப் புகையிலை வாசனை இருக்கும்.

எஞ்சியவை யாவும் மூட்டைக்குள் போகும். போனவற்றை மீட்பது சுரங்க சாஸ்திரத்தைச் சேர்ந்தது. இங்கே ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை நீக்க வேண்டும் என்பார்கள். ஒரு கத்தரிக்கோலுக்கு நீக்க வேண்டிய மேல்மண்ணை நான் நேரில் இருந்து எண்ணியிருக்கிறேன்: போர்வை மூன்று, ஊறுகாய் ஜாடி இரண்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்று, மாமனார் படம் ஒன்று, அது உடைந்துவிடாமலிருக்க அதன்மேல் சுற்றிய பட்டுப்புடவை ஒன்று. ஜெர்மானிய ராட்சத சக்கர வாளி இயந்திரமே வந்தாலும் அப்புடவையின்மீது கை வைக்க என் மனைவி சம்மதித்திருக்க மாட்டாள்.

விதிகள்

காண்டல், கருதல், உரை என்னும் மூவகை அளவைகளாலும் நான் நிலைநாட்டிய விதிகள் மூன்று.

முதல் விதி: மெஷின் கடைசியில் ஏறும், முதலில் இறங்கும். கடைசியில் ஏறுவதற்குக் காரணம் எளிது. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும் வரையில் ஏதாவது ஒரு தலையணை வாய் பிளந்துகொண்டேயிருக்கும். முதலில் இறங்குவதற்குக் காரணம் நகரியத்துக்கே உரியது. மற்ற ஊர்களில் ஜன்னல் திரை அலங்காரம், அல்லது மரியாதை. இங்கே அது தூக்கம். இரவு பத்து மணிக்கு ஷிஃப்டுக்குப் போய் விடியற்காலையில் கண்ணெரிய வீடு திரும்புகிறவனுக்கு, ஊர் விழிக்கும்போது இருட்டு வேண்டும்; அந்த இருட்டை எந்தச் சுரங்கமும் தோண்டித் தராது, வீட்டுக்காரிதான் தைத்துத் தர வேண்டும். பால் காய்ச்சி, சாமி படமும் உப்பும் மஞ்சளும் உள்ளே போனவுடனே, சமையலுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்பாகவே என் தாயார் மெஷினை மாட்டச் சொன்னதற்கு அர்த்தம், நானே நைட் ஷிஃப்ட் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

இரண்டாம் விதி: பதவி உயர்வு ஜன்னலை நீட்டும். ஒரே வகை வீட்டுக்குள் மாறுகிறவனுக்குத் திரை பொருந்தும். டைப்-1-லிருந்து டைப்-2-க்கு உயர்கிறவனுக்குப் பொருந்தாது. சம்பளம் ஏறிய விகிதத்தைவிட ஜன்னல் ஏறிய விகிதமே அதிகமென்று அம்மாதத்துத் துணிக்கடைக் கணக்கைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர்.

மூன்றாம் விதியே இந்நூலின் உயிர்: குவார்ட்டர்ஸில் வாழ்கிறவள் எதைத் தைத்தாலும் நான்கு விரல் மடிப்பு விட்டே தைப்பாள். திரையின் அடியில் நான்கு விரல். மகளின் பாவாடையில் இரண்டு டக்கு. தலையணை உறையில்கூட உள்ளே ஒரு சாண். என் தாயாரிடம் இதற்குக் காரணம் கேட்டபோது, அவள் பல்லில் கடித்திருந்த நூலை விடாமலே சொன்ன உரை, பிரமாண வாக்கியமாக ஏற்கத்தக்கது: "அடுத்த ஊட்டுக்கு அளவு யாருடா குடுத்தாங்க?"

அவள் தைத்த கத்தரிப்பூ நிறத் திரை ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், மேலே வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த பெரும் பரப்பு. அதற்குக் கீழே, முதல் மடிப்பைப் பிரித்து இறக்கியபோது வெளிவந்து சில வருஷமே வெயில் பட்ட பட்டை. அதற்கும் கீழே, இரண்டாம் மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டை, கடையில் கிழித்த அன்றைய நிறத்தோடு. பட்டைகளுக்கு இடையே பழைய தையல் ஓடிய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. சுரங்கத்தின் விளிம்பில் நின்று செம்மண்ணும் களிமண்ணும் மணற்பாறையுமாக மண்ணடுக்குகளைப் பார்த்து இன்ன காலத்தில் இன்ன படிவு என்று நிர்ணயிக்கும் பூகர்ப்ப சாஸ்திரிகளைப் போல, இத்திரையைப் பார்த்து நாங்கள் எந்த வீட்டில் எத்தனை காலம் இருந்தோம் என்று என்னால் கூற முடியும். அந்த வீடுகளில் நாங்கள் சுவரில் அடித்த ஆணிகள்கூட எங்களுடையவையல்ல என்று ஆகிவிட்டன. வெளுத்த நிறம் மட்டும் எங்களோடு வந்தது.

மறுப்பும் விடையும்

இங்கே சிலர் ஆக்ஷேபிப்பர். "கடையில் தைத்த திரையே கிடைக்கும்போது வீட்டில் தைப்பானேன்?" என்பது முதல் ஆக்ஷேபம். கடைத் திரை ஐந்தடியிலும் ஏழடியிலும் வருகிறது. எங்கள் ஜன்னல் நாலேகால் அடி. விடை முடிந்தது.

"இயந்திரம் மனிதனை அடிமைப்படுத்தும்" என்பது இரண்டாவது. 1830-இல் தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்ற பார்தெலெமி திமோனியேயின் பட்டறையைப் பாரிஸ் தையற்காரர்களே புகுந்து நொறுக்கியது உண்மையே. ஆனால், இயந்திர மோகத்தை வாழ்நாளெல்லாம் கண்டித்த காந்தியடிகளே 1924-இல் தமது சம்பாஷணை ஒன்றில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்து, மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு பொறாத அன்பினால் உண்டான கருவி அது என்ற கருத்தைச் சொன்னார். காந்தியடிகள் விலக்களித்த ஒன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்ற இடமில்லை என்று சொல்ல எந்த வண்டிக்காரருக்கு அதிகாரம் உண்டு? எங்கள் வண்டிக்காரர் சொன்னார். அவர் முன்பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவர, மெஷினின் தலை என் மனைவியின் மடியில் வந்தது.

மூன்றாவது ஆக்ஷேபத்தை எவரும் எழுப்பவில்லை, நானே எழுப்பிக்கொள்கிறேன். உத்தியோக உயர்வோடு அலாட்மெண்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடி கழியட்டும், மார்கழி கழியட்டும் என்று நாள் பார்த்து வட்டம் மாறுகிற எங்களுடைய மாற்றம் ஒரு மாற்றமாகுமா? நகரியம் எழுவதற்கும் சுரங்கம் விரிவதற்குமாக முந்திரித் தோப்பையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுக் கிராமம் கிராமமாகக் குடிபெயர்ந்தவர்கள் நாள் பார்க்கவில்லை. அவர்களுடைய சாக்குகளின் வாயையும் இதே கோணி ஊசிதான் மூடியிருக்கும். இதற்கு என் விதிகளில் விடையில்லை. ஆகையால் இப்பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

முடிபு

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது யாவருக்கும் பொதுவான நியதி. முப்பத்தைந்து வருஷ சேவைக்குப் பிறகு, வடலூரில் வாங்கிய மனையில் நாங்களே கட்டிய வீட்டுக்குச் சாமான்களை ஏற்றினோம். மேஸ்திரியின் கைவண்ணத்தால் அங்கே எந்த இரண்டு ஜன்னலும் ஒரே அளவாக இல்லை. சோதனைச்சாலையை விட்டு உலகத்துக்குள் வந்துவிட்டோம் என்பதை அதனாலேயே உணர்ந்தேன்.

வழக்கம்போல் மெஷின் முதலில் இறங்கிற்று. கூடத்து வாசலுக்கென்று வாங்கிவந்த புதிய பருத்தித் துணியைத் தரையில் விரித்து, டேப்பை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்ட என் மனைவி, நான்கு விரல் மடிப்புக்கு உரிய இடத்துக்கு வந்ததும் சற்று நின்றாள். பின்பு கத்தரிக்கோலை எடுத்து அந்த நான்கு விரலையும் வெட்டி எறிந்துவிட்டாள். "இனிமே எங்கங்க போவப் போறோம்?" என்றாள். வாழ்நாள் ஆராய்ச்சி நிறைவெய்திய பெருமிதத்தோடு நான் குறிப்பேட்டைத் திறந்து, மடிப்பு விடாமல் ஒருத்தி தைக்கும் வீடு எதுவோ அதுவே சொந்த வீடு என்று இலக்கணம் எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

முதல் சலவைக்குப் பிறகு அத்திரை சரியாக நான்கு விரல் சுருங்கிற்று. இன்றும் எங்கள் கூடத்து வாசலில், வருகிறவர்களுடைய செருப்பு தெரியும் உயரத்தில் அது தொங்குகிறது. ஆதலால், இந்நூலைக் கற்போர் மற்ற விதிகளை மறந்தாலும் இதை மறவாதிருக்கக் கடவர்: பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதன் பிறகே வெட்ட வேண்டும், சொந்த வீடேயானாலும் மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும்.