ஸ்டைல்ஷீட் வாராமை: ஜாங்கோவின் ரன்சர்வரை முன்வைத்து ஓர் ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேடுகள் இதுவரை தீண்டாத துறைகளுள் தலையாயது, எழுதிய ஸ்டைல்ஷீட் பக்கத்துக்கு வந்து சேராமை. அறிகுறிகள் யாவரும் அறிந்தவை: வெள்ளைப் பின்னணி, டைம்ஸ் எழுத்துரு, அடிக்கோடிட்ட நீல இணைப்புகள், மெனு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள். இதனை இக்கட்டுரை 'பிறந்தமேனி நிலை' என வழங்கும்.

கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவான இணையத்தளக் கட்டமைப்பான ஜாங்கோ 2005இல் பொதுவெளிக்கு வந்தது. 2011இல் 1.3ஆம் பதிப்பு 'ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்' செயலியைத் தரும்வரை, உள்ளூர் சர்வரில் தம் சிஎஸ்எஸ்ஸைக் காண விரும்பியோர் யுஆர்எல் பட்டியலில் அதற்கென ஒரு வரியைக் கையால் எழுதினர். இதைக் களப்பிரர் காலம் எனலாம். சான்று குறைவு, புலம்பல் மிகுதி.

பிறந்தமேனிக்குக் காரணம் பிரௌசரின் கேஷே என்பார் ஒரு சாரார். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் எழுத்து தேய அழுத்துவர். டெர்மினலில் சிஎஸ்எஸ்ஸுக்கான வரியே ஓடவில்லையென்றால் இவர்கள் கட்சி வெல்லக்கூடும்; பிரௌசர் கேட்கவே இல்லை, பழைய பிரதியோடு திருப்தி அடைந்திருக்கலாம். வரி ஓடி, கடைசியில் 404 என்று நின்றால் தோற்கும். ஆயினும் டெர்மினலைப் பார்ப்பது இவர்கள் மரபன்று.

கோப்பின் பாதையே பிழை என்னும் பாதைவாதிகள் சற்றுக் கற்றவர்கள். 'பிளாக்' செயலிக்குள் 'ஸ்டாட்டிக்', அதற்குள் மறுபடி 'பிளாக்' என்றொரு ஃபோல்டர் ஏன் என்று தெரிந்தவர்கள். இரண்டு செயலிகள் ஒரே பெயரில் கோப்பு வைத்திருந்தால் முதலில் அகப்பட்டதையே ஜாங்கோ எடுக்கும். ஒரே வகுப்பில் இரண்டு செந்தில் இருந்தால் இனிஷியல் போடுவதில்லையா?

எமது துணிபு வேறு. உள்ளூரில் ஸ்டைல்ஷீட் வந்ததே ஒரு சலுகை. செட்டிங்ஸில் டீபக் 'ட்ரூ' என்றிருக்கும்வரை, ஜாங்கோவின் உள்ளூர் சர்வரான ரன்சர்வர் தானே தேடிப் பிடித்துப் பரிமாறும். 'ஃபால்ஸ்' ஆனதும் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிடும். இப்படிப் பரிமாறுவது மிக மந்தம், பாதுகாப்பும் ஐயத்துக்குரியது என்று ஜாங்கோவின் கையேடே ஒப்புக்கொள்கிறது. நேரடித் தளத்தில் 'கலெக்ட்ஸ்டாட்டிக்' கட்டளையால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, என்ஜின்எக்ஸ் சர்வரிடமோ வைட்நாய்ஸ் லைப்ரரியிடமோ ஒப்படைக்க வேண்டும். இதை அறியாதார் கூற்று ஒன்றே: "என் மெஷின்ல நல்லாத்தானே வந்துச்சு!"

டெட்லைன் நெருங்கிய இரவுகளில் வழங்கும் மாற்று மருத்துவமும் உண்டு: நேரடித் தளத்தில் ரன்சர்வரையே ஓடவிட்டு, டீபக்கை மீண்டும் 'ட்ரூ' ஆக்கிவிட்டுத் தூங்கப் போவது. ஸ்டைல்ஷீட் உடனே வந்துவிடும். அடுத்த பிழை நேரும்போது, எந்தக் கோப்பில் எந்த வரியில் சறுக்கினோம் என்பதும் முன்பின் தெரியாதவர் திரையில் மஞ்சள் தலைப்போடு முழுமையாக வரும், நல்ல வடிவமைப்பில்.