தாய்மாமன் மறைத்த போர்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதும் நம்மவர்தான் தாய்மாமன். தோடு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளையை உட்கார வைக்க வேண்டிய மடியும் அவருடையதே. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைக்கென்று முன்னால் போனது ஒரு வைக்கோல் லாரி. மண்டபத்துக்கு வந்து சேரும்போது மணி பத்து இருபது. உள்ளே ஆசாரி ஊசியோடு தயார். பிள்ளை முன்கூட்டியே அழத் தொடங்கிவிட்டது. போனில் தங்கை, "அண்ணே, எங்க இருக்க?" என்கிறாள். எதிரே ஒரு பேனர், அதன் கீழே நல்ல நிழல். பைக்கை அங்கே சாய்த்துவிட்டு ஓடினார்.

காது குத்தியாயிற்று, பந்தியும் முடிந்தது. சாயங்காலம் செல்போனில் இ-சலான் வந்தது. நோ பார்க்கிங், 500 ரூபாய்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவுப்படி, தனித் தண்டனை சொல்லப்படாத விதிமீறல்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் 100 ரூபாய்தான். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 500 ஆக்கினார்கள். மறுபடி மாட்டினால் 1,500. தமிழ்நாட்டில் புதிய தொகை நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். கணக்குப்பிள்ளைக்கு உறைத்தது தொகையல்ல. "போர்டே இல்லாத இடத்துல எப்படி சார் கேஸ் போடலாம்?" என்றுதான் டீக்கடையில் கொதித்தார்.

டீக்கடை அவர் பக்கம் நின்றது. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் மரச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும் என்று ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகுதான் அது சில மணி நேர வேலையாயிற்று. "அத்தனை நாள் நடுத்தெருவுல நின்னுச்சே, எவன் சலான் போட்டான்?" கோர்ட்டில் எடுபடாத வாதம்தான். ஆனாலும் நம்மவருக்குத் தெம்பு வந்தது.

தெம்புக்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 ஜூலையில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டார்கள். அடுத்த மாதமே ஒரு பாதிரியார் மாட்டினார். மீட்டரில் போடச் சில்லறை மாற்றத்தான் கடைக்குள் போனேன் என்றார் அவர். வழக்கு தள்ளுபடி. சில்லறைக்கே மன்னிப்பு உண்டென்றால் காதுகுத்துக்கு இல்லாமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை சாட்சி தேடிப் போனார். பேனருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், துருப்பிடித்த கம்பத்தில் நோ பார்க்கிங் போர்டு! நம்மவருக்குத் துள்ளிக் குதிக்காத குறை. போக்குவரத்துக் குறியை மறைக்கும் விளம்பரத்தை எடுத்துப்போட, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கு 116-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. எடுக்காதது யார் குற்றம்? பின்பக்கமாக நின்று நாலு போட்டோ எடுத்தார். இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் வரை போகவும் துணிந்துவிட்டார். அதற்கும் அலைச்சல் இல்லை. விருதுநகர் மாவட்ட நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது.

காவலர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். பிறகு சலானோடு இருந்த படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். அது முன்பக்கம் எடுத்த படம். கீழே பைக். மேலே எட்டடி உயரத்துக்குக் கறுப்புக் கண்ணாடியும் பட்டு வேட்டியுமாக, கை கூப்பி, 'வருக வருக' என்று ஒருவர் நிற்கிறார்.

"சார், இது நீங்கதானே?"

பேனர் வைத்தது தங்கை வீட்டுக்காரர். தாய்மாமனுக்குக் கௌரவம் குறையக் கூடாதாம். உயிரோடு இருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. நின்றிருந்தால் நம்மவர் பிழைத்திருப்பார்.

மனுவை நாலாக மடித்துத் தோடு வந்த அதே பையில் வைத்துக்கொண்டு, 500 ரூபாயைக் கட்டினார். வீட்டில் மனைவி சீர் வரிசைச் செலவு எழுதியிருந்த நோட்டை எடுத்து, கடைசி வரியாக 'நிழல் – 500' என்று எழுதினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன் கும்பிடுகிற பேனர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதன் கீழே வண்டியை நிறுத்த வேண்டாம்.